'மா பூமி': பிறமொழியாளர் ஒருவரின் முதல் தெலுங்குப் படம்

தன்மைப் பன்மையில் முன்னிலையாரை உளப்படுத்துவதும் உளப்படுத்தாததும் என இருவகை உண்டு என்பது இலக்கணம் பயின்றார் நன்கறிந்தது. 'நாம்' என்பது கேட்போரையும் உடன்சேர்க்கும். 'யாம்' என்பது சேர்க்காது விடும். திராவிட மொழிகள் பலவற்றிற் காணப்படும் இவ்வேறுபாடு தெலுங்கிலும் உண்டு. அம்மொழியில் 'மன' என்பது நம்முடைய எனவும், 'மா' என்பது எம்முடைய எனவும் பொருள்படும். 1979ஆம் ஆண்டில் உருவான தெலுங்குத் திரைப்படம் ஒன்று 'மா பூமி' என்னும் பெயர் பெற்றது. 'நம் நிலம்' என்பதன்று அதன் பொருள். 'எம் நிலம்' என்பதே. உழுவோர் நிலக்கிழாரை நோக்கிக் கூறும் கூற்றாக அது அமைந்துள்ளது. கேட்போனுக்கு அந்நிலத்தில் உரிமையில்லை என்னும் கருத்து அவ்வோரெழுத்துச் சொல்லிலேயே அடங்கிக் கிடக்கின்றது.

இப்படத்தை இயக்கியவர் கௌதம் கோஷ். 1950இற் பிறந்த அவர் வங்காளி. தெலுங்கு அவர்தம் மொழியன்று. தெலங்காணம் அவர்தம் நாடுமன்று. அதற்குமுன் அவர் கதைப்படம் எதனையும் இயக்கியவருமல்லர். 'எம்' என்னும் சொல்லின் எல்லைக்கு முற்றிலும் புறத்தே நின்ற ஒருவர், தம் முதற்படத்திலேயே அச்சொல்லைத் தலைப்பாகக் கொண்ட ஒரு படத்தை எங்ஙனம் ஆக்கினார்? அவ்வாக்கத்தில் மொழியும் பாட்டும் எவ்வழி வந்து சேர்ந்தன? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்றுப் பின்னணி

நிசாம் மீர் உஸ்மான் அலி கான் ஆண்ட ஐதராபாத் நாட்டின் தெலுங்கு வழங்கும் பகுதியே தெலங்காணம். ஆங்கு ஊர்கள் பலவற்றில் நிலமும் அதிகாரமும் 'தொர' எனப்பட்ட நிலக்கிழாரிடம் குவிந்திருந்தன. 'தொர' என்பதும் நம் வழக்கிலுள்ள 'துரை' என்பதும் ஓரினச் சொற்களே. அவர் வாழ்ந்த கோட்டை போன்ற மனை 'கடி' எனப்பட்டது. ஊர்மக்கள் அவருக்கு ஊதியமின்றிச் செய்த கட்டாய ஊழியத்தின் பெயர் 'வெட்டி'. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்னும் சொல் ஊதியமில்லா உழைப்பையும் அதனோடு தொடர்புடைய கடமையையும் குறித்துப் பயில வருதலை ஆய்வாளர் அறிவர். தமிழகத்திற் கல்லெழுத்தில் மட்டும் எஞ்சி, 'வெட்டிவேலை' என்னும் வசைச்சொல்லாக மெலிந்துவிட்ட ஒன்று, தெலங்காணத்தில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வாழ்க்கை முறையாகவே இருந்து வந்தது.

1946ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 4ஆம் நாள் கடவெண்டி என்னும் ஊரில் தொட்டி கொமரையா என்னும் உழவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதனைத் தொடர்ந்து ஆந்திர மகாசபையின் பெயராலும் பொதுவுடைமைக் கட்சியின் தலைமையாலும் உழவர் போர் பரவியது. நிசாமின் ஆதரவாளரான ரசாக்கர் படையினர் ஊர்களைச் சூறையாடினர். 1948 செப்டம்பரில் இந்தியப் படை புகுந்து நிசாம் ஆட்சியை முடித்தது. ஆயினும் ஊரைவிட்டு ஓடியிருந்த நிலக்கிழார் படையின் காவலோடு மீண்டனர். உழவர் பங்கிட்டுக்கொண்ட நிலங்கள் திரும்பவும் கேட்கப்பட்டன. 1951இல் போர் கைவிடப்பட்டது. 'மா பூமி' இவ்வரலாற்றையே பொருளாகக் கொண்டது. விடுதலைக்குப் பின் வந்தவற்றையும் மறையாது காட்டுதல் அதன் சிறப்பு எனலாம்.

மும்மொழி கடந்த கதை

படத்தின் மூலம் தெலுங்கு நூல் அன்று. உருது எழுத்தாளர் கிருஷண் சந்தர் எழுதிய புதினமே அதற்கு அடிப்படை. தூக்குமேடை ஏறவிருக்கும் இளம் உழவன் ஒருவன் தன் இறுதி இரவில் வாழ்வை நினைந்து பார்ப்பதாக அப்புதினம் அமைந்துள்ளது. ஐதராபாத் நாட்டில் ஆட்சிமொழியாகவும் உயர்கல்வி மொழியாகவும் விளங்கியது உருதுவே. 1918இல் நிறுவப்பட்ட உஸ்மானியாப் பல்கலைக்கழகம் உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டிருந்தது. எனவே தெலுங்கு உழவரின் கதை முதலில் அவர்களை ஆண்ட அரசின் மொழியில் எழுதப்பெற்று, பின்னர் வங்காளி ஒருவரின் கைவழியே தெலுங்கிற்குத் திரும்பி வந்தது என்றல் பொருந்தும்.

இத்தகைய முயற்சிக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. வங்காள இயக்குநர் மிருணாள் சென் 1977இல் பிரேம்சந்தின் கதையொன்றை 'ஒக ஊரி கத' என்னும் பெயரில் தெலுங்குப் படமாக்கினார். தமிழ்த்திரையின் தொடக்கக் காலத்திலும் இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. தமிழறியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் 1936இல் 'சதி லீலாவதி' வாயிலாக இயக்குநரானார். ஆயின் இரண்டிற்கும் வேறுபாடு பெரிது. டங்கனுக்கு எஸ். எஸ். வாசன் தமிழில் எழுதிய கதை கையிலிருந்தது. கோஷுக்கோ கதை மட்டுமே இருந்தது. அதனைப் பேசவேண்டிய மொழி கையில் இல்லை. அம்மொழியைத் தேடிப் பெறுதலே படத்தின் ஆக்கத்தில் முதற்பணி ஆயிற்று.

அப்பணியில் முதன்மையாக நின்றவர் பி. நரசிங்க ராவ். அவர் இப்படத்தைத் தயாரித்தவருள் ஒருவர், மற்றொருவர் ஜி. ரவீந்திரநாத். நரசிங்க ராவ் தெலங்காணத்தில் பிறந்து வளர்ந்தவர். ஓவியமும் இசையும் அறிந்தவர். மக்கட் பாடகரோடும் நாடகக் குழுவினரோடும் நெருங்கிப் பழகியவர். எழுத்துப் பணியில் கோஷோடு பார்த்தா பானர்ஜி, நரசிங்க ராவ், பிராண ராவ் ஆகியோரும் பங்குகொண்டனர். புதினத்தின் தலைவனாகிய இராகவ ராவ் படத்தில் இராமையா ஆகின்றான். தூக்குமேடைக்கு முந்திய இரவின் நினைவோட்டம் நீங்கி, ஊர்வாழ்க்கை ஒழுங்காக முன்செல்கின்றது. இராமையா ஊரைவிட்டு ஐதராபாத் சென்று, தொழிற்சங்கத்தவனான மக்பூலின் நட்பால் எழுத்தும் அரசியலும் பயின்று, பின்னர் ஊருக்குத் திரும்பிப் போரிற் சேர்கின்றான். தனியொருவனின் நினைவாக இருந்தது ஓர் ஊரின் கதையாக விரிந்தமை இம்மாற்றத்தின் பயனாகும்.

பேச்சு வழக்கு

தெலுங்கு இலக்கிய உலகில் நூல்வழக்குக்கும் பேச்சுவழக்குக்கும் இடையே நிகழ்ந்த போராட்டமும், அதில் கிடுகு ராமமூர்த்தி ஆற்றிய தொண்டும் பலரும் அறிந்தவை. ஆயின் அப்போராட்டத்தில் வெற்றிபெற்ற பேச்சுவழக்கு எல்லா நாட்டாருடையதும் அன்று. கிருஷ்ணை, கோதாவரி ஆறுகள் பாயும் கடற்கரை மாவட்டங்களில் கற்றோர் பேசிய மொழியே எழுத்திற்கும் பின்னர்த் திரைக்கும் பொதுமொழியாயிற்று. தெலுங்குப் படங்கள் நெடுங்காலம் சென்னையிலேயே எடுக்கப்பட்டன. தெலங்காணப் பேச்சு அவற்றில் நகைச்சுவைப் பாத்திரத்திற்கும் முரடனுக்கும் மட்டுமே உரியதாக ஒதுக்கப்பட்டது.

இவ்வொதுக்கலுக்கு மொழியியல் அடிப்படை இல்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 'வந்தான்' என்னும் பொருளில் கடற்கரை மாவட்டத்தார் 'வச்சாடு' என்பர். தெலங்காணத்தார் 'ஒச்சிண்டு' என்பர். எழுத்துவழக்கிலோ 'வச்சினாடு' என்பது வடிவம். அதிலுள்ள மெல்லெழுத்தைக் கடற்கரை வழக்கு இழந்துவிட்டது. கொச்சை என்று இகழப்பட்ட தெலங்காண வழக்கு இன்றும் காத்து நிற்கின்றது. தமிழில் வட்டார வழக்குகளை ஆராய்வோர்க்கு இத்தகைய நிலை புதிதன்று.

'மா பூமி'யில் இராமையா பேசுவது இவ்வழக்கே. கதைத்தலைவன் காதலிலும் துயரிலும் சினத்திலும் இம்மொழியையே பேசுகின்றான். நகைப்பிற்காக அது பயன்படுத்தப்படவில்லை. 'பாஞ்சன் தொரா, கால்மொக்குதா' என்பது தெலங்காண உழவர் நிலக்கிழார் முன் நாள்தோறும் கூறிவந்த தொடர். 'அடிமையேன் துரையே, காலைத் தொழுவேன்' என்பது அதன் பொருள். கூனிய முதுகோடு இதனைக் கூறிய வாய்களே பின்னர் 'மா பூமி' என்று கூறும் நிலைக்கு உயர்ந்ததே இப்படம் காட்டும் கதை. பொதுமொழியில் இதனை எடுத்திருப்பின் அவ்வுயர்ச்சியின் தொடக்கப் புள்ளியே நம் காதில் விழுந்திராது.

இயக்குநர் அயலவராய் இருந்தமை இங்கே தடையாகவில்லை. ஒருவாறு துணையும் ஆயிற்று என்பது எமது கருத்து. திரைமொழி எது, கொச்சை எது என்று சென்னைப் படப்பிடிப்பு நிலையங்களில் நிலைத்துவிட்ட எண்ணம் அவரிடம் இல்லை. முதற்படம் ஆதலின் காத்துக்கொள்ளவேண்டிய பெயரோ பழகிப்போன முறையோ அவருக்கு இல்லை. எனவே அம்மொழியை அறிந்தவர் கூறியதை ஏற்பது அவருக்கு இயல்பாயிற்று. நடிகரின் நிலையும் கருதத்தக்கது. இராமையாவாக நடித்த சாய்சந்த், புகழ்பெற்ற எழுத்தாளரும் இயக்குநருமான திரிபுரநேனி கோபிசந்தின் மகனார். கடற்கரை ஆந்திரக் குடும்பத்தினர். அவருக்கும் இதுவே முதற்படம். இப்படத்தின் வாயிலாகத் திரைக்கு வந்த சகுந்தலா மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர். எனவே இயக்குநரும் முதன்மை நடிகருட் சிலரும் தெலங்காண வழக்கைக் கற்றே கைக்கொண்டனர் என்பது தெளிவு.

பாட்டும் பாடியோரும்

படத்தின் இசை விஞ்சமூரி சீதாதேவியுடையது. தெலுங்கு நாட்டுப்பாடல் துறையில் பேர்பெற்ற உடன்பிறந்தார் இருவருள் ஒருவர் அவர். போரில் ஈடுபட்ட கவிஞரான சுத்தால ஹனுமந்து மாடு மேய்க்கும் சிறுவனை நோக்கிப் பாடிய பாட்டு இதில் இடம்பெற்றது. பண்டி யாதகிரி இயற்றிய, நிசாம் ஆட்சியை எள்ளி நகையாடும் பாட்டைக் கத்தர் பாடினார். பாடியதோடு திரையிலும் தோன்றினார். தோளிற் கம்பளியோடு நின்று அவர் ஆடிப் பாடும் காட்சி தெலுங்கு மக்கள் பலருக்கு இப்படத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

இப்பாட்டுகள் படத்திற்கெனப் புனையப்பட்டவை அல்ல என்பது நினையத்தக்கது. கதை நிகழும் காலத்திலேயே ஊர்களில் வழங்கிய பாட்டுகள் அவை. பாட்டுக்காகக் கதையை நிறுத்தும் வழக்கம் இங்கு இல்லை. ஊரார் கூடும் இடத்திற் பாடகன் வருதலும் பாடுதலும் கதையின் நிகழ்ச்சியாகவே அமைகின்றன. வாய்மொழி இலக்கியத்தை அதன் நிகழ்களத்தோடு சேர்த்துப் பதிவுசெய்யவேண்டும் என்பது நாட்டுப்புறவியலார் வற்புறுத்துவது. அந்நெறி இப்படத்தில் ஓரளவு நிறைவேறியுள்ளது.

இயக்குநரின் பங்கு

இவ்வாறெல்லாம் கூறுவதால் இயக்குநர்க்குப் பங்கே இல்லை என்று கொள்ளலாகாது. கதைப்படத்திற் புதியவராயினும் கோஷ் ஒளிப்படக் கலையும் செய்திப்படக் கலையும் பயின்றவர். வங்காளத்தின் பஞ்சத்தைப் பற்றி 1974இல் எடுக்கத் தொடங்கிய 'ஹங்ரி ஆட்டம்' என்னும் செய்திப்படம் அவருக்குப் பெயர் தந்தது. பசித்த முகத்தையும் உழைக்கும் கையையும் அலங்காரமின்றிப் பார்க்கும் பழக்கம் அதனால் அவருக்கு வாய்த்தது. மொழி அறியாதார் பேச்சைக் கேளாது உடலையே மிகுதியும் நோக்குவர். தொரையின் முன் ஒருவன் நிற்கும் நிலையும், அவன் கைகள் எங்கே இருக்கின்றன என்பதும், கடியின் வாயிலில் அவன் நடை மாறுவதும் இப்படத்திற் கூர்மையாகப் பதிந்திருத்தற்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும். சொல்லை உள்ளூரார் தந்தனர். சொல்லுக்கு முந்திய மெய்ப்பாட்டை அயலவர் கண்டார் என்று பகுத்துக் கூறலாம்.

இக்கூட்டுறவின் பயன் இருவழியும் சென்றது. கோஷ் பின்னர் வங்காளத்தில் 'தகல்', இந்தியில் 'பார்' முதலிய படங்களை இயக்கினார். தயாரிப்பாளராக இருந்த நரசிங்க ராவ் 1983இல் 'ரங்குல கல' வாயிலாகத் தாமே முதற்பட இயக்குநர் ஆனார். 1988இல் கடியில் அடிமைப்பட்ட பெண்ணின் வாழ்வை 'தாசி' எனப் படமாக்கினார்.

முடிவுரை

ஆயினும் ஒரு படத்தால் வழக்கு முற்றும் மாறிவிடவில்லை. சகுந்தலா இவ்வழக்கைத் திறம்படப் பேசியதால் 'தெலங்காண சகுந்தலா' என்றே பெயர் பெற்றார். ஆனால் பின்னர் அவருக்கு மிகுதியும் கிடைத்தவை அடாவடிப் பெண்ணும் நகைப்புக்குரியவளுமான பாத்திரங்களே. 'மா பூமி' தலைவனின் வாயில் வைத்த மொழியை வணிகப் படங்கள் மீண்டும் பழைய இடத்திற்கே தள்ளின. 2014இல் தெலங்காணம் தனி மாநிலமான காலத்தையொட்டியே தலைவனும் தலைவியும் அம்மொழியைப் பேசும் படங்கள் பெருகின.

திரைப்படத்தை இலக்கியமாக ஆராயப் புகும் மாணவர் இயக்குநர் ஒருவரையே ஆசிரியராகக் கொண்டு ஆராய்தல் வழக்கம். 'மா பூமி'யில் அம்முறை பாதிவழியே செல்லும். பேச்சைத் தந்தவர், பாட்டைக் காத்தவர், அவற்றைக் கற்று நடித்தவர் ஆகிய அனைவரையும் சேர்த்தே 'எம்' என்னும் பன்மை இங்கு நிறைவுறுகின்றது. இப்படத்தின் உரையாடலை முழுமையாக எழுத்திற் பெயர்த்து, போரிற் பங்குகொண்டோர் கூறிய வாய்மொழிச் செய்திகளோடு ஒப்பிட்டு ஆராய்தல் திராவிட ஒப்பிலக்கணத் துறைக்கும் நாட்டுப்புறவியலுக்கும் பயன் தரும். சகுந்தலா 2014இலும் கத்தர் 2023இலும் மறைந்தனர். ஆக்கத்தில் உடனிருந்தோரிடம் கேட்டறியவேண்டியவை இன்னும் பல உள்ளன. ஆதலின் அது காலந்தாழ்த்தத் தக்க பணியன்று.