மூழ்கிய ஊரும் மூழ்காத பெயரும்

மாசி, பங்குனித் திங்கள்களில் அட்டன் வழியாகச் சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர்களுள் பெரும்பாலோர் மஸ்கெலியாவைக் கடந்தே நல்லதண்ணியை அடைகின்றனர். நல்லதண்ணி! விளக்கம் வேண்டாத தூய தமிழ்ப் பெயர். 7,359 அடி உயர்ந்த அம்மலையையோ, சைவர் சிவனொளிபாதம் என்பர். பௌத்தர் ஸ்ரீபாத என்பர். ஆதாமின் மலை என்பாரும் உளர்.

இப்பகுதியின் நீரைத் திரட்டி ஓடும் மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயாவுடன் கூடியதும் களனி கங்கை என்னும் பெயர் பெற்றுக் கொழும்பை நோக்கிச் செல்கின்றது. சிங்களத்தில் 'ஓயா' சிற்றாறு, 'கங்கை' பேராறு. வளர்ந்த பின் பெயர் மாறுவது ஆற்றுக்கும் உண்டு போலும்!

தோட்டப் பெயர்கள் வேறொரு கதை கூறுகின்றன. ஸ்ட்ரத்ஸ்பே, கிளன்டில்ட் என்பன ஸ்கொட்லாந்தின் பள்ளத்தாக்குகள். 'ஸ்ட்ரத்' என்பது அகன்ற பள்ளத்தாக்கு, 'கிளன்' குறுகியது. ஊர் நினைவு வருத்திய துரைமார் அவற்றை இங்கே கொணர்ந்து நட்டனர். தமிழகத்தினின்றும் வந்த நம் முன்னோர்க்கும் ஊர் நினைவு இருந்ததே! ஆயினும் பதிவேட்டில் பெயரெழுதும் பேனா அவர் கையில் இருக்கவில்லை. மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என அவர்கள் வழங்கிய பெயர்கள் பேச்சில் மட்டுமே வாழ்கின்றன. லயத்து மக்களுக்கு வரும் கடிதங்களிலோ துரை வைத்த பெயரே முகவரி.

மொக்காத் தோட்டத்தை நோக்குக. மொக்கா, காப்பிக்குப் பேர்போன யெமன் நாட்டுத் துறைமுகம். 1869-இல் தோன்றிய இலைநோய் இலங்கைக் காப்பியை அழித்தது; தேயிலை வந்தது. இன்றும் நம் பெண்கள் காப்பியின் பெயரால் அமைந்த மலையில் தேயிலைக் கொழுந்தே கொய்கின்றனர்.

மவுசாக்கலை என்பதன் ஈற்றில் நிற்பது கலையன்று. காட்டைக் குறிக்கும் 'கெலே' என்னும் சிங்களச் சொல். தமிழ்ச் செவி அதனைக் கலையாக்கிக்கொண்டது. 1960-களில் அங்கே மின்சாரத்துக்காக அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகர் நீருள் மறைந்தது. வேல்ஸ் நாட்டில், 1965-இல், லிவர்பூல் நகரின் குடிநீருக்காகக் கேப்பல் கெலின் என்னும் சிற்றூரும் இவ்வாறே மூழ்கிற்று. அங்குள்ளோர் அதை இன்றும் மறந்திலர். இங்கோ ஊர் மேட்டுக்கு ஏறியது. பெயரும் உடன் ஏறியது. ஆதலின், புதிய நகரில் பிறந்த சிறுவனுக்கு மஸ்கெலியா என்றால் மேட்டிலுள்ள கடைவீதியே.

கடும் வறட்சியில் நீர் வற்றும்போது மட்டும் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளிப்படுகின்றன. அப்பொழுது முதியோர் கரையில் நின்று, 'அதோ, அங்கேதான் மஸ்கெலியா' என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுகின்றனர்.