பழஞ்சாந்தும் வாவிக்கரை உப்பும்

இடித்த கட்டடங்களின் கொங்கிரீட்டை நொறுக்கிச் சலித்துப் பெறும் கல்லை மீள்சுழற்சிச் சல்லி என்பர். மலையில் உடைத்த கருங்கற் சல்லியிலிருந்து இதை வேறுபடுத்துவது, இதன்மேல் ஒட்டியிருக்கும் பழைய சீமெந்துச் சாந்தாகும். நுண்துளைகள் நிறைந்த இச்சாந்தினால், கருங்கல் தன் நிறையில் ஏறத்தாழ 1 வீத நீரையே உறிஞ்ச, மீள்சுழற்சிச் சல்லி பெரும்பாலும் 3 முதல் 8 வீதம் வரை உறிஞ்சுகிறது.

கொங்கிரீட்டின் வலிமை வேறு, நீடித்துழைப்பு வேறு. பாரத்தைத் தாங்குவது வலிமை. காற்றும் நீரும் உப்பும் தாக்கியும் பல பத்தாண்டுகள் சிதையாதிருப்பது நீடித்துழைப்பு. புதுக் கொங்கிரீட்டின் கடும் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு நுண்துளைகள் வழியே புகுந்து அக்காரத்தைத் தணித்தாலோ, உப்பின் கூறான குளோரைட்டு கம்பியை எட்டினாலோ படலம் அழிந்து துரு பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கேட்பதால் கொங்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. பழஞ்சாந்தின் துளைகள் காபனீரொட்சைட்டு, குளோரைட்டு இரண்டுக்கும் வழிவிடுகின்றன.

இதனால்தான் மட்டக்களப்பு வாவிக்கரை மீள்சுழற்சிச் சல்லிக்குக் கடினமான சோதனைக்களமாகிறது. முகத்துவாரம் வழியே கடல்நீர் புகும் இவ்வாவியில் கோடையில் உவர்ப்பு ஏறி, மாரி மழையில் இறங்குகிறது. கரையோரத் தூண்களின் அடிப்பகுதி நனைவதும் உலர்வதுமாக இருக்க, ஒவ்வொரு முறை உலரும்போதும் உப்பு உள்ளே தங்கிச் செறிகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கல்லடி, நாவலடி போன்ற கரைகளில் கிடந்த இடிபாடுகளோ கடல்நீரில் தோய்ந்தவை. அத்தகைய இடிபாடுகளைக் கழுவாமலும் குளோரைட்டை அளந்து பாராமலும் கம்பியிட்ட கொங்கிரீட்டில் சேர்ப்பது, துருவை விதைத்துவிட்டு வீடு கட்டுவதாகும். ஆயினும், அதே பேரலையின் பின் காலியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் நடந்த கோவாம் திட்டம், கட்டட இடிபாடுகளைப் பிரித்து மீண்டும் பயன்படுத்த முடியும் என்பதைக் காட்டியது.

குறையைத் தணிக்க வழிகளும் உண்டு. நீரை இரு தவணைகளில் ஊற்றிக் கலந்தால், முதலில் உருவாகும் கெட்டியான சீமெந்துக் கூழ் சல்லியின் துளைகளையும் வெடிப்புகளையும் அடைக்கிறது. நுரைச்சோலை போன்ற நிலக்கரி மின்னிலையங்களில் புகையிலிருந்து பிரித்தெடுக்கும் மென்சாம்பலைச் சீமெந்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக இட்டால் குளோரைட்டின் ஊடுருவல் குறைகிறது. இந்தியாவின் ஐ.எஸ். 383 தரவிதி 2016இல் எச்சரிக்கையுடன் எல்லை வகுத்தது: பருஞ்சல்லியில், கம்பியில்லாக் கொங்கிரீட்டுக்கு 25 வீதம், கம்பியிட்டதற்கு 20 வீதம், அதுவும் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 25 நியூட்டன் வரையான வலிமைத் தரத்துக்கு மட்டும். வாவிக்கரைக்கு இவ்வெல்லையும் தாராளமானதே. இங்கு மீள்சுழற்சிச் சல்லிக்கு உரிய இடம், துருப்பிடிக்கக் கம்பியே இல்லாத சுவர்க்கற்களும் நடைபாதைக் கற்களும் வீதியின் அடித்தளமுமாகும். பாலத்தூணும் கிணற்றுவளையமும் கருங்கல்லுக்கே விடப்படவேண்டும்.