ஆளிவகை வோல்ற்றளவுச் சீராக்கியும் உறுதிநிலையின் முரண்பாடும்

உறுதிநிலை என்பது அசைவின்மை எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. இக்கருத்தின் குறைபாட்டினைக் கணினி முதலாய இலத்திரனியற் கருவிகளுள் அமைந்துள்ள ஆளிவகை வோல்ற்றளவுச் சீராக்கி தெளிவாக உணர்த்துகின்றது.

இச்சீராக்கியில் திரான்சிற்றர் ஆளியொன்று செக்கனுக்குப் பல இலட்சம் தடவை மூடித் திறக்கின்றது. அவ்வாறு துண்டுபட்டு வரும் மின்னைத் தூண்டற்சுருளும் கொள்ளளவியும் சீராக்குகின்றன. பயப்பு வோல்ற்றளவு குறித்த அளவினின்றும் விலகுமாயின், அவ்விலகல் அளக்கப்பட்டு, ஆளி மூடியிருக்கும் நேரம் திருத்தப்படுகின்றது. இதுவே எதிர்ப் பின்னூட்டல்.

சுமை திடீரெனக் கூடுதல் ஓட்டத்தைக் கோரும்போது சிக்கல் எழுகின்றது. சுருளின் ஓட்டம் உடனே உயராது. இடைப்பொழுதிற் கொள்ளளவி தன் சேமிப்பை வழங்க, வோல்ற்றளவு தாழ்கின்றது. இதனை விரைந்து திருத்தவேண்டின், திருத்தத்தின் வலிமையாகிய நயத்தை உயர்த்துதல் வேண்டும். ஆயின் சுருளும் கொள்ளளவியும் தம் பரிவு மீடிறனுக்கு மேல் 180 பாகையை அணுகும் அவத்தைப் பின்னடைவை உண்டாக்குகின்றன. ஆளியின் தாமதமும் அதனுடன் சேர்கின்றது. மொத்தப் பின்னடைவு 180 பாகையை அடையுமிடத்து நயம் ஒன்றிற்குக் குறையாதிருப்பின், விலகலை எதிர்க்கவேண்டிய திருத்தம் அதற்குத் துணையாக வந்து சேரும். சீராக்கியே அலைவின் ஊற்றாகிவிடும்.

இச்சிக்கல் பழையது. 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவிப் பொறிக்கு வேகச் சீராக்கியைப் பொருத்தினார். பிற்காலப் பொறிகள் பலவற்றில் அத்தகைய சீராக்கிகளே வேகத்தை ஏறியிறங்கச் செய்தன. சீராக்கிகளின் உறுதிநிலைக்கான கணித நிபந்தனைகளை மக்ஸ்வெல் 1868இல் ஆராய்ந்தார். தொலைபேசித் தொழிலுக்கு வேண்டிய பெருக்கிகளை முன்னிட்டு நைகுவிஸ்ற் 1932இல் தமது உறுதிநிலை விதியை வகுத்தார். நடைமுறையின் நெருக்கடி கோட்பாட்டை வேண்டிநின்றமைக்கு இவ்வரலாறு சான்றாகும்.

இன்றைய பொறியியலாளர் ஈடுசெய் சுற்றினால் அவத்தையை முன்தள்ளி, நயம் ஒன்றாகும் மீடிறனில் 45 முதல் 60 பாகை வரையான எஞ்சிய இடைவெளியைப் பேணுவர். அம்மீடிறனை ஆளியின் மீடிறனில் ஐந்திலொன்று முதல் பத்திலொன்றுக்குள் அமைப்பது வழக்கம். சுருளின் ஓட்டத்தையும் அளந்து கட்டுப்படுத்துவது பிறிதொரு முறை. பெரிய கொள்ளளவி வீழ்ச்சியைக் குறைக்கும். ஆனால் விலையும் இடமும் கூடும். வோல்ற்றளவை உயர்த்தித் தரும் சீராக்கியிலோ, ஆளி நீண்டு மூடியவுடன் பயப்பு உயருமுன் சற்றே தாழும். ஆகவே அங்கு விரைவுக்கு இயல்பாகவே எல்லையுண்டு. முரண்பாடு எங்கும் ஒழிக்கப்படுவதில்லை. சுமையின் தேவைக்கேற்ப அதன் எல்லைகள் வரையறுக்கப்படுகின்றன.

இதனைச் சமுதாயத்துக்கு அப்படியே பொருத்துவது இயந்திரவியற் பொருள்முதல்வாதமாகும். சீராக்கி பேணவேண்டிய அளவு புறத்தேயிருந்து நிர்ணயிக்கப்படுகின்றது. சமுதாயத்தில் அவ்வளவை நிர்ணயிப்போர் யார் என்பதே போராட்டத்தின் பொருள். ‘உறுதிநிலை’ என்னும் சொல்லை அரசியலிற் கையாள்வோர் மறைக்கும் வினாவும் அதுவே.