காலை எடுத்தால் பெட்ரோல் நிற்கும்!

போன மே லீவுல மாமா காரில் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கினோம். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மாமா கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, "இறக்கத்துல வண்டி தானா ஓடும் மாப்ளே, பெட்ரோல் மிச்சம்" என்றார். பாதி வழியில் கருகின வாடை. பிரேக்தான்! ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆற விட்டோம். அத்தை வீடு வரும்வரை யாரிடமும் பேசவில்லை.

மறுநாள் மெக்கானிக் அண்ணன், "நியூட்ரல்லதான் சார் பெட்ரோல் போகும். கியர்ல விட்டிருந்தா பெரும்பாலும் ஒரு சொட்டுகூட போகாது" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இப்போது வரும் பெட்ரோல் கார்களில் கார்புரேட்டர் கிடையாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர், அதாவது மின்சாரத்தால் திறக்கும் குட்டி வால்வு. எத்தனை மில்லி செகண்ட் திறக்கணும் என்று முடிவு செய்வது இ.சி.யு. என்ற கம்ப்யூட்டர். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததை ஒரு சென்சார் சொல்லும். இன்ஜின் சுற்றும் வேகத்தை இன்னொரு சென்சார் சொல்லும். கால் எடுத்தாச்சு, இன்ஜினும் சூடாக, வேகமாகச் சுற்றுகிறது என்றால் இ.சி.யு. இன்ஜெக்டரைத் திறக்கவே திறக்காது.

அப்போ இன்ஜின் ஏன் நிற்கவில்லை? உருளும் சக்கரம்தான் கியர் வழியாக இன்ஜினைச் சுற்ற வைக்கிறது! எல்லாம் தலைகீழ். சும்மா சுற்றும் இன்ஜின் வண்டியைப் பிடித்து இழுப்பதால் பிரேக்குக்கும் வேலை குறைவு. சுற்று வேகம் நிமிடத்துக்கு ஆயிரம் சொச்சத்துக்கு இறங்கினால், இன்ஜின் அணையாமலிருக்க மறுபடி பெட்ரோல் வந்துவிடும்.

நியூட்ரலில் இந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. இன்ஜின் தன் பெட்ரோலில்தான் ஓடணும். வண்டியை நிறுத்துகிற பாரம் முழுக்க பிரேக் தலையில்.

மாமா லேசில் நம்புகிற ஆள் இல்லை. அண்ணன் காரில் ஸ்கேனரை மாட்டி பைபாஸ் பாலத்தில் ஓட்டிக் காட்டினார். கியரில் காலை எடுத்ததும் இன்ஜெக்டர் நேரம் 0. நியூட்ரல் போட்டதும் 2.6 மில்லி செகண்ட். நானே பார்த்தேன்.

"சாவியையே அணைச்சிட்டா?" என்று மாமா கேட்டதுதான் பெரிய பயம். இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவுகிற வெற்றிடம் உண்டாகாது. இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். வளைவில் அப்படி ஆனால்?

தீபாவளி லீவில் மறுபடி ஏற்காடு போனோம். இறங்கும்போது இரண்டாவது கியர்தான். அத்தை மட்டும் முன் சீட்டில் உட்கார்ந்து, மலையைப் பார்க்காமல் கியர் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

- 11 'ஆ' பிரிவு மாணவன்