நான்கு வரி விளம்பரம்

கூகுள் 2003-இல் ஆட்சென்ஸ் என்ற விளம்பரச் சேவையைத் தொடங்கியபோது, விற்பனைப் பிரிவு வைத்துக்கொள்ள வசதியில்லாத சிறு இணையதளங்களுக்கும் விளம்பர வருமானத்துக்கு வழி பிறந்தது. கொடுத்த வரிகளை அப்படியே பக்கத்தில் ஒட்டினால் போதும். அவற்றில் இரண்டு துண்டுகள். பின்னாளில் சுருங்கிய வடிவில், மேலே நான்கு வரி: கணக்கு எண், விளம்பர இடத்தின் எண், அகலம், உயரம். கீழே, கூகுளிடமிருந்து ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு ஒன்றை வரவழைக்கும் கட்டளை.

மேல்துண்டை ஏன் ஊரறியப் பக்கத்தில் எழுத வேண்டும்? கீழே வரும் கோப்பு எல்லாத் தளங்களுக்கும் ஒன்றே என்பதால்தான். ஒரு தளத்தில் இறங்கிய கோப்பை அந்நாள் பிரவுசர்கள் சேமித்துவைத்து அடுத்த தளத்திலும் எடுத்தாண்டன. ஆளுக்கொரு கோப்பு என்றால் அந்த மிச்சம் கிடைத்திருக்காது. ஆகவே ஆளுக்கு ஆள் மாறுவது மட்டும் பக்கத்தில் தங்கியது. ஒரே பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்டுகளுக்குப் பொது மாறிகள் கூட்டுச்சொத்து. மேலே எழுதியதைக் கீழே வருவது எடுத்துப் படித்துக்கொண்டது. வரிசை மாறியிருந்தால் விளம்பரம் வந்திருக்காது.

அகலமும் உயரமும் பக்கத்திலேயே இருப்பதில் வாசகருக்கும் லாபம் உண்டு. விளம்பரம் வந்து சேருமுன்பே பிரவுசர் இடம் ஒதுக்கிவிடலாம். இல்லாவிட்டால், படித்துக்கொண்டிருக்கும் வரி திடீரெனக் கீழே நழுவும். செய்தித் தளங்களில் இன்றும் இந்த எரிச்சல் தீர்ந்தபாடில்லை.

கணக்கு எண் ரகசியமல்ல. பக்கத்தின் மூலநிரலைத் திறக்கத் தெரிந்த எவரும் பார்க்கலாம். இரண்டு தளங்களில் ஒரே எண் இருந்தால், பின்னால் ஒரே கை இருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆட்சென்ஸின் உறவுக்காரரான கூகுள் அனலிட்டிக்ஸின் எண்களைக் கொண்டே ரஷ்ய அரசுக்கு ஆதரவான பல தளங்களை ஒன்றோடொன்று முடிச்சுப்போட்டுக் காட்டியது.

ஆரம்பத்தில் எல்லைக்கோட்டின் நிறம், இணைப்பின் நிறம்கூடப் பக்கத்தில்தான் இருந்தன. நிறம் மாற்ற ஒவ்வொரு பக்கத்தையும் திருத்த வேண்டியிருந்ததால், அவை கூகுளிடம் போயின. வசதிதான், கூடவே உரிமையும் கொஞ்சம் கைமாறியது என்பேன். 2018 பிப்ரவரியில் வந்த தானியங்கி விளம்பரங்களில் எந்த இடம், எத்தனை என்பதைக்கூட கூகுளின் நிரலே கணிக்கிறது. ஆட்சென்ஸ் தமிழை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டதும் அதே மாதம்தான். தானியங்கி முறையைத் தேர்ந்தெடுத்த தமிழ்த் தளக்காரருக்குப் பக்கத்தில் எழுத மிஞ்சிய அமைப்பு, பணம் யாருக்கு என்று சொல்லும் கணக்கு எண் மட்டுமே.