தொண்டூழியம் பாடமாக மாறுவது எப்போது?

தஞ்சோங் பகாரில் குவோக்கோ கோபுரமும் 50 மாடி ‘பினக்கிள் அட் டக்ஸ்டன்’ வீவக குடியிருப்பும் உயர்ந்து நிற்கின்றன. அதே வட்டாரத்தின் பழைய வீவக புளோக்குகளில் மூத்தோர் பலர் வசிக்கின்றனர். சமூகவியல் மாணவர்கள் நூலில் படித்ததை நேரில் உரசிப் பார்க்க ஏற்ற இடம் இது.

சமூக சேவைவழிக் கற்றல், தொண்டூழியத்தையும் பாடத்தையும் இணைக்கிறது. மாணவர் உதவச் செல்கிறார். அங்குக் கண்டதை வகுப்பில் படித்ததோடு ஒப்பிட்டு எழுதுகிறார், விவாதிக்கிறார். அந்தப் புரிதலோடு மீண்டும் செல்கிறார்.

தனிமனிதரின் குறையா?

துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்று, தனியாக வாழும் தமிழ் முதியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தமிழர் பலர் உழைத்த துறைமுகம் அது. வீட்டருகே துடிப்பாக மூப்படையும் நிலையம் இருந்தும் அவர் அங்கு வருவதில்லை. “யாரோடும் பழகமாட்டார்” என்று சொல்லிவிடுவது எளிது.

சமூகவியல் மாணவர் மேலும் சில கேள்விகளைக் கேட்கவேண்டும். அங்கு நடவடிக்கைகள் எந்த மொழியில் நடக்கின்றன? அவருடன் வேலை செய்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? மாறி மாறி இரவுப் பணி செய்தவருக்கு அக்கம்பக்கத்தாருடன் பழக நேரம் கிடைத்ததா?

தனிமனிதரின் தொல்லைகளைச் சமூகத்தின் பொதுப் பிரச்சினைகளோடு பொருத்திப் பார்க்கவேண்டும் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959ல் வெளிவந்த தமது நூலில் வலியுறுத்தினார். அப்படிப் பார்த்தால் உதவியும் மாறும். முதியவருக்கு ஆறுதல் சொல்வதோடு நிற்காமல், வாரம் ஒருமுறை தமிழில் ஒரு நடவடிக்கை நடத்த முடியுமா என்று நிலையத்தாரிடம் கேட்கலாம்.

இது புதிய சிந்தனையன்று. சிகாகோவில் 1889ல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் தொடங்கிய ‘ஹல் ஹவுஸ்’ இல்லத்தினர், சுற்றுவட்டாரக் குடும்பங்களின் வருமானத்தையும் பூர்வீகத்தையும் வரைபடங்களில் பதிவுசெய்து 1895ல் நூலாக வெளியிட்டனர். சேவையும் ஆய்வும் அங்குச் சேர்ந்தே நடந்தன.

மணிக்கணக்கு போதுமா?

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1997ல் சமூக ஈடுபாட்டுத் திட்டம் அறிமுகமானது. ஆண்டுக்குக் குறைந்தது 6 மணி நேரச் சேவை எதிர்பார்க்கப்பட்டது. 2012ல் அதன் இடத்தில் வந்த திட்டம், மாணவர்கள் நற்பண்புகளைச் செயலில் காட்டுவதற்கும் சிந்திப்பதற்கும் அழுத்தம் தந்தது. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் பட்டம் பெற 80 மணி நேரச் சமூக சேவையைக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மூத்தோருடன் மாணவர்கள் பழகும் பாடங்கள் உள்ளன.

மாணவருக்குப் பருவம் முடிந்தால் மதிப்பெண் கிடைக்கும். வாராவாரம் கதவைத் தட்டியவர் திடீரென வராமல்போனால் முதியவருக்குத் தனிமைதான் கூடும். எத்தனை வாரங்கள் வரப்போகிறோம் என்பதை முதல் நாளே சொல்வதும், விடைபெறுமுன் வேறொரு தொண்டூழியரை அறிமுகப்படுத்துவதும் அவசியம். அவரைப் பற்றி எழுத அவரிடமே அனுமதி பெறவேண்டும். கண்டறிந்ததை ஆசிரியரிடம் மட்டுமன்றி நிலையத்தாரிடமும் பகிரவேண்டும்.

2030க்குள் சிங்கப்பூரர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதினராக இருப்பர். அவர்களின் கதவைத் தட்டும் இளையர்கள் கூடுவது நல்லது. அந்த இளையர்கள் ‘ஏன்’ என்று கேட்கவும் கற்றிருந்தால், அவர்கள் விடைபெற்ற பிறகும் அந்த முதியவருக்குத் தமிழில் பேச ஓர் இடம் இருக்கும்.