கடிக்குதுன்னா கடிக்குதுதான்

பள்ளி திறக்கும் சமயத்தில் புதுச்சேரி நேரு வீதியில் எந்தச் செருப்புக் கடைக்குள் நுழைந்தாலும் இதே வழக்குதான். மாட்டிய கறுப்பு ஷூவை "கடிக்குதும்மா" என்று பிள்ளை உதறும். "போடப் போட சரியாயிடும் பாப்பா" என்பார் கடைக்காரர். நாலாவது ஜோடிக்குள் அம்மாவுக்குப் பொறுமை போய்விடும், பிள்ளைக்குப் பிடிவாதக்காரி என்று பெயர் விழுந்துவிடும்.

நான் பிள்ளையின் கட்சி. விரல் பக்கம் அகலம் போதவில்லை என்று ஐந்து வயதில் யாருக்கும் விளக்கத் தெரியாது. "இது வேணாம்" என்றுதான் வரும். அதைக் கால் சொல்கிற புகாராகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டில் 79 இடங்களில், நான்கு வயதுப் பிள்ளைகள் தொடங்கி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை ஸ்கேன் செய்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் கால்களைவிட நம் கால்கள் அகலம் என்று தெரிந்தது. நாம் கேட்டு வாங்கும் நம்பரோ இங்கிலாந்துக் கணக்கு. ஒரு நம்பர் ஏறினால் நீளம் சுமார் எட்டரை மில்லிமீட்டர் கூடும். பெட்டியில் பக்கத்திலேயே 28, 30 என்று இருப்பது பிரான்சில் பிறந்த கணக்கு. இரண்டுமே நீளத்தை வைத்துப் போட்டவை. அதனால் அகலத்துக்காகப் பெரிய நம்பருக்குப் போகிறோம், குதிகால் கழன்று பிள்ளை தடுக்கி விழுகிறது. 'அடுத்த வருஷத்துக்கும் ஆகும்' என்ற கணக்கு இதை இன்னும் மோசமாக்கும். நம் கால்களுக்கென்றே 'பா' என்ற அளவுமுறையை நிலையம் பரிந்துரைத்திருக்கிறது. அது சீக்கிரம் கடைக்கு வரட்டும்.

ஷூவுக்காக வழக்காடுவது புதுச்சேரிக்குப் புதிதும் அல்ல. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1873-ல் வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பியர் போல ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். இந்தியர் அப்படி வரக் கூடாது என்று நீதிபதி தடுத்தார். பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார் பிள்ளை. பெரியவர்களின் கால் உரிமைக்காக அவ்வளவு தூரம் வழக்காடிய ஊரில், ஒரு யு.கே.ஜி. குழந்தைக்குக் கால் மணி நேரம் கொடுக்கலாம்.

ஷூவின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதை நம்பாதீர்கள், அழுத்தியதும் பிள்ளை விரலை மடக்கிக்கொள்ளும். ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் நிற்க வையுங்கள். சுண்டுவிரல் வெளியே வழிந்தால் அந்த ஜோடி வேண்டாம். முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கட்டும். கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில், பள்ளி சாக்ஸோடு போங்கள். சில பிள்ளைகளுக்கு உறுத்துவது சாக்ஸின் நுனித் தையல்தான், அதை உள்வெளியாகத் திருப்பி மாட்டினாலே அழுகை நின்றுவிடும். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் விலை மலிவுதான், ஆனால் அந்த நெரிசலில் பிள்ளையை நடக்கவிட்டுப் பார்க்க முடியாது.

பொருந்திய இரண்டு ஜோடியை முன்னால் வைத்து, பக்கிளா ஒட்டுப்பட்டையா என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள். காலாண்டு விடுமுறையில் அதே இன்சோலை உருவி, வீட்டிலேயே ஒருமுறை நிற்க வைத்துப் பாருங்கள். இந்த வயதில் கால் அதற்குள் வளர்ந்திருக்கும்.